ஏழாம் அத்தியாயம்: அம்பாசடர் எஞ்சினில் விசேஷ கேம் ஷாப்ட் பொருத்தும் முறை

காரியத்தின் இயல்பு

காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சிலிண்டருக்குள் எந்தக் கணத்தில் நுழைய வேண்டும், எரிந்து முடிந்த புகை எந்தக் கணத்தில் வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் கேம் ஷாப்ட் என்னும் ஒரே தண்டினிடத்தில் இருக்கிறது. கோயிலில் நடை திறப்பதற்கும் அடைப்பதற்கும் வேளை குறித்து வைத்திருப்பதுபோல, வால்வுகள் திறக்கவும் மூடவும் உரிய வேளைகள் அந்தத் தண்டின் மேடுகளில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வேளைகளை மாற்றினால் எஞ்சினின் சுபாவமே மாறிவிடும். ஆகையால் கேம் ஷாப்ட் மாற்றுவதை ஒரு தேய்ந்த சாமானைக் கழற்றி வேறொன்றைப் பூட்டும் சாதாரண வேலையாக எண்ணுவது தவறு. இந்த வேலையின் உயிர் ஸ்பானரில் இல்லை, அளவையில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயம் முழுவதும் நான் வற்புறுத்தப் போகும் விஷயம்.

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் பழைய அம்பாசடரைக் கொண்டு வரும் இளைஞர்கள் பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, கேம் மட்டும் மாத்திட்டா வண்டி பறக்கும்ல?" அதற்குப் பட்டறைகளில் கிடைக்கும் நல்ல பதில் இதுதான்: "தம்பி, கேம் மாறுனா கேம் மட்டுமா மாறுது? ஸ்பிரிங், கார்புரேட்டர், டைமிங் எல்லாமே கூட வரணும்ப்பா." அந்தப் பதிலின் விரிவே பின்வரும் பக்கங்கள்.

உதாரணத்துக்கு அம்பாசடரை நான் எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. 1911-ஆம் ஆண்டில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் மோட்டார்த் தொழிலை ஆரம்பித்த காலந்தொட்டு மோட்டார் வாகனங்களோடு நெருங்கிப் பழகிய இந்த மதுரைச் சீமையில், மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோக்கக்கூடிய எஞ்சின் ஒன்று உண்டென்றால் அது அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின்தான். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் 'பி வரிசை' என்று பெயரிட்ட இந்த எஞ்சினில் கேம் ஷாப்ட் பிளாக்குக்குள்ளேயே கிடக்க, அதன் மேடுகள் டேப்பெட்டைத் தூக்க, டேப்பெட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ராக்கரை அசைக்க, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கிறது. பிற்காலத்தில் அம்பாசடரில் வந்த இசூசு 1.8 லிட்டர் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் இங்கே கூறும் அளவுகள் பொருந்தமாட்டா.

மற்றொரு காரணம் இன்னும் சுவாரசியமானது. 1955-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் பந்தயச் சாயல் கொண்ட சிறிய காருக்கும் இதே வரிசையைச் சேர்ந்த, இதே 1489 சி.சி. கொள்ளளவுள்ள எஞ்சினைத்தான் வைத்தார்கள். சிலிண்டரின் விட்டத்திலும் பிஸ்டனின் ஓட்டத்திலும் பேதமில்லாமல் இருந்தும், நம் ஊர் அம்பாசடர் சுமார் 50 குதிரைச் சக்தியோடு திருப்தியடைய, எம்.ஜி.ஏ. முதலில் 68-உம் பிறகு 72-உம் தந்தது. அந்த வித்தியாசம் கேம் ஷாப்ட், வால்வுகள், இரட்டை வால்வு ஸ்பிரிங்குகள், இரண்டு கார்புரேட்டர்கள், உயர்ந்த கம்ப்ரஷன் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துழைத்ததால் விளைந்தது. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து மற்றவற்றை விட்டுவிட்டால் முழுப் பலனும் கிட்டாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

எந்தக் கேம் வேண்டும்?

கேம் ஷாப்டின் குணத்தைக் கூறும் எண்கள் மூன்று: வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது, கிராங்கின் சுழற்சியில் எத்தனை பாகை நேரம் திறந்திருக்கிறது, இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஏககாலத்தில் திறந்திருக்கும் இடைவேளை எவ்வளவு. எம்.ஜி.ஏ.யின் கேமையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். அதில் இன்லெட் வால்வு, பிஸ்டனின் உச்சி நிலையான டாப் சென்டருக்கு 16 பாகை முன் திறந்து, அடி நிலையான பாட்டம் சென்டர் கழிந்து 56 பாகையில் மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு பாட்டம் சென்டருக்கு 51 பாகை முன் திறந்து, டாப் சென்டர் கழிந்து 21 பாகையில் மூடுகிறது. இன்லெட் திறந்திருக்கும் நேரம் 16, 180, 56 ஆகிய மூன்றையும் கூட்டினால் 252 பாகை; எக்ஸாஸ்டுக்கும் 51, 180, 21 என்று கூட்ட அதே 252. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவேளை 16-உம் 21-உம் கூடிய 37 பாகை.

இந்த எண்கள் பெரிதாகப் பெரிதாக, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது நன்றாகச் சுவாசிக்கும். மெதுவாகச் சுற்றும்போது திணறும். இன்லெட் வால்வு தாமதமாக மூடும் கேமில், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருப்பதால், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. உயர்ந்த வேகத்திலோ, ஓடிவரும் கலவையின் உந்துதல் அதைத் தடுத்து மேலும் நிரப்புகிறது. ஒரே குணம் ஓரிடத்தில் லாபமாகவும் மற்றோரிடத்தில் நஷ்டமாகவும் முடிவது இப்படித்தான்.

ஆகவே வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதை நிச்சயித்துக்கொள்ளாமல் கேம் வாங்கக் கூடாது. மாசி வீதிகளின் நெரிசலிலும், சித்திரைத் திருவிழாக் காலத்து வைகைக் கரையிலும் முதல் கியரிலேயே நகர்ந்து, விடுமுறையில் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேற வேண்டிய குடும்ப வண்டிக்கு எம்.ஜி.ஏ.யின் அளவை ஒட்டிய கேமே போதும். அதைத் தாண்டுவது வீண் ஆசை. ஒரு காலத்தில் சோழவரம் விமானத் தளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலும் நடப்பதுபோன்ற ஓட்டங்களுக்கென்றே வண்டியைத் தயார் செய்கிறவர் மட்டும் 280 பாகையையும் அதற்கு மேற்பட்டதையும் நினைக்கலாம். அத்தகைய கேம் கீழ் வேகத்தில் திணறும் என்பதையும், ஐடிலிங்கில் எஞ்சின் குதித்துக்கொண்டே இருக்கும் என்பதையும் அவர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சட்ட விஷயத்தையும் இங்கேயே கூறிவிடுவது உசிதம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் நிர்ணயித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. பொதுச் சாலையில் ஓடும் வண்டியாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே விசாரித்துக்கொள்வதும், வேலை முடிந்தபின் புகைப் பரிசோதனையில் தேறுவதும் அவசியம்.

சாமான்களைத் தேடுதல்

புதிய கேம் ஷாப்ட் கிடைக்காத இடத்தில் பழையதையே மறுபடி கிரைண்டிங் செய்து வேறு வடிவம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். கேமின் மூக்கை உயர்த்த முடியாது. ஆகவே அதன் அடிவட்டத்தைக் குறைத்தே தூக்கும் உயரத்தை அதிகப்படுத்துகிறார்கள். இதில் இரண்டு அபாயங்கள் மறைந்திருக்கின்றன. கேமின் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும் கடினமான படலம் தேய்த்தெடுக்கப்பட்டு மென்மையான இரும்பு வெளிப்படக்கூடும். அடிவட்டம் சிறுத்த அளவுக்கு டேப்பெட் கீழே இறங்கிவிடுவதால், ராக்கரின் அட்ஜஸ்ட்மென்ட் திருகு முழுவதும் வெளியே வந்தும் இடைவெளி சரிக்கட்ட முடியாமற் போகக்கூடும். முன்னதற்குக் கடினத்தைச் சோதிக்கும் கருவியால் ஒவ்வொரு மேட்டையும் பரீட்சிக்கச் சொல்லுங்கள். பின்னதற்கு நீளமான புஷ் ராடு செய்துகொள்ளுங்கள்.

டேப்பெட்டுகள் விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. ஒரு பழைய டேப்பெட்டை எடுத்து, அதன் அடிமுகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: நல்லதாயின் மையத்தைச் சுற்றி வட்டவட்டமான மெல்லிய கோடுகள் தெரியும், கெட்டதாயின் ஒரே திசையில் ஓடும் கீறல்களும், நடுவில் நகம் தடுக்கும் குழியும், ஓரத்தில் அம்மைத் தழும்புபோன்ற புள்ளிகளும் காணப்படும். வட்டக்கோடுகள் டேப்பெட் தன் இடத்தில் சுழன்றுகொண்டே வேலை செய்ததற்கு அடையாளம். நேர்க்கோடுகள் அது சுழலாமல் ஒரே இடத்தில் உராய்ந்ததற்கு அடையாளம். பல எஞ்சின்களில் கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் இம்முகம் நடுவில் மிகமிகச் சிறிதளவு மேடாகவே செய்யப்பட்டிருப்பது அந்தச் சுழற்சிக்காகத்தான். பழைய கேமோடு பழகித் தேய்ந்த டேப்பெட்டைப் புதிய கேமின்மேல் வைத்தால், அது வெகு விரைவில் அந்தக் கேமையே தின்றுவிடும். எட்டு டேப்பெட்டுகளும் புதியனவாக இருக்கட்டும். மாற்றுவதற்குப் பணம் போதவில்லையென்றால் சேரும்வரை வேலையை ஒத்திவையுங்கள்.

இவற்றோடு வால்வு ஸ்பிரிங், அதன் மேல்தட்டு, காட்டர், வால்வு கைடு, டைமிங் செயின், அதன் டென்ஷனர், கேஸ்கட்டுகள் ஆகியவற்றையும் சேகரித்துக்கொள்ள வேண்டும். கருவிகளில் டயல் கேஜ், பெல்லர் கேஜ், டார்க் ரெஞ்ச், 360 பாகை குறித்த வட்டத் தட்டு ஆகிய நான்கும் இன்றியமையாதவை. வட்டத் தட்டைக் கடையில் தேட வேண்டியதில்லை. கப்பலூர்த் தொழிற்பேட்டைபோன்ற இடங்களில் அலுமினியத் தகட்டில் கோடு வெட்டித் தரக்கூடிய லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. விட்டம் பெரிதாக இருக்க இருக்கப் படிக்கும் அளவு துல்லியமாகும்.

கழற்றுதல்

எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் ஏற்றிச் செய்வதே உத்தமம். கேம் ஷாப்ட் முன்பக்கமாகத்தான் உருவப்பட வேண்டும். ஆயில் பம்பை எடுக்கச் சம்பையும் கழற்ற வேண்டும். வண்டிக்குள் கிடந்தபடி இவ்வளவையும் செய்வது கைக்கும் கண்ணுக்கும் துன்பம். அதற்கு முன் எஞ்சினை வெளியே நன்றாகக் கழுவிவிடுங்கள். கப்பலூரைச் சுற்றியுள்ள சமவெளியில் கோடைக் காற்று எழுந்தால், வேலை மேஜையின்மேல் அரை மணியில் புழுதி படியும்; திறந்த எஞ்சினை இரவில் மூடிவைக்கச் சுத்தமான வேட்டித் துணி நான்கு முழம் தனியாக வைத்துக்கொள்வது நன்று.

இந்த எஞ்சினில் ராக்கர் ஷாப்டைத் தாங்கும் கால்களின் நட்டுகளில் சில, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகளே என்பதை மறக்கக் கூடாது. எஞ்சின் வண்டியிலேயே இருந்தால் முதலில் ரேடியேட்டர்த் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஹெட்டின் எல்லா நட்டுகளையும் ஒழுங்குமுறைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்திய பிறகே ராக்கரை எடுக்க வேண்டும். ராக்கர் நட்டுகளை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிப் போகலாம். புஷ் ராடுகளை எடுக்கும்போது ஓர் அட்டையில் எட்டுத் துளையிட்டு, எண் குறித்து, வரிசை பிசகாமல் செருகி வையுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள இரண்டு மூடிகளைக் கழற்றினால் டேப்பெட்டுகளை விரலாலேயே எடுத்துவிடலாம். இந்த எஞ்சினை அமைத்தவர்கள் நமக்குச் செய்த பேருபகாரம் அது.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர். ஒன்றாம் சிலிண்டரை எரியும் நிலையில் டாப் சென்டருக்குக் கொண்டுவந்து, ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது, உள்ளேயிருக்கும் ஓட்டுத் தண்டின் பிளவு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பவற்றைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, அதன் பிறகே அந்தத் தண்டை எடுக்க வேண்டும். அதுவும், கீழே ஆயில் பம்பின் ஓட்டுத் தண்டும் கேம் ஷாப்டின் பற்களோடு இணைந்திருப்பதால், இரண்டும் வெளியே வராமல் கேம் ஷாப்ட் வராது. வராததை இழுத்து உடைத்தவர்கள் உண்டு. கேமினால் ஓடும் பெட்ரோல் பம்பு உள்ள வண்டியாயின் அதையும் அப்புறப்படுத்துங்கள். முன்புறம் கப்பி, டைமிங் கவர், ஆயில் எறியும் தட்டு, இரு பல்சக்கரங்கள், செயின், கடைசியில் மூன்று திருகுகள் பிடித்திருக்கும் நிறுத்துத் தகடு என்ற வரிசையில் கழற்றியபின் கேம் ஷாப்ட் விடுபடும். அதன் மூன்று பேரிங் கழுத்துகளில் முன்னது பெரியது, பின்னது சிறியது. மேட்டின் கூரிய ஓரம் மென்மையான பேரிங் புஷ்ஷைக் கீறாதபடி, இரண்டு கையாலும் தாங்கி, மெல்லத் திருப்பித் திருப்பி உருவ வேண்டும்.

ஸ்பிரிங்கும் இடைவெளிகளும்

உயர்ந்த வேகத்தில் வால்வைக் கேமின் சொற்படி மூடச் செய்வது ஸ்பிரிங் ஒன்றே. அது பலவீனமாக இருந்தால் வால்வு மிதக்கும். பிஸ்டன் மேலே வரும்போது அது இன்னும் மூடியிராமல் அடிபட்டு வளையும். ஆனால் தேவைக்கு மேற்பட்ட பலம் கேமையும் டேப்பெட்டையும் அரைத்துவிடும். ஆகையால் கேம் செய்தவர் குறித்த அழுத்தமுள்ள ஸ்பிரிங்கையே போடுங்கள்.

ஸ்பிரிங்கைப் பொருத்தியதும் பார்க்க வேண்டிய இடைவெளிகள் மூன்று. முதலாவது, வால்வு முழுவதும் திறந்த நிலையில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல், மொத்தத்தில் குறைந்தது 1.5 மி.மீ. மிச்சமிருக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பிரிங்கின் மேல்தட்டு இறங்கும்போது வால்வு கைடின் தலையிலோ சீலிலோ இடிக்காமல் அதே அளவு இடம் வேண்டும். மூன்றாவது, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இன்லெட்டில் 2 மி.மீ.யும், வெப்பத்தில் நீளும் எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ.யும் குறையாமல் இருக்க வேண்டும்.

வால்வு திறக்கும் உயரத்தைக் கணக்கிடும்போது ராக்கரின் விகிதத்தை மறவாதீர்கள். இந்த எஞ்சினில் அது சுமார் 1.4, எனவே கேம் மேடு 6.35 மி.மீ. தூக்கினால் வால்வு சுமார் 9 மி.மீ. இறங்கும். மூன்றாவது இடைவெளியை அளக்க, அடுத்த பகுதியில் சொல்லும்படி கேமைப் பூட்டிய பிறகு, குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் சிறிது அப்பி, எண்ணெய் தடவி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை ஏற்றி இறுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் திறந்து, பதிந்த களிமண்ணைப் பிளேடால் அறுத்து மிக மெல்லிய இடத்தின் கனத்தை அளந்தால் போதும். பெரிய வால்வு போட்டிருந்தால் அது சிலிண்டரின் மேல் விளிம்பில் உரசுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பாகை பார்த்துப் பூட்டுதல்

கேம் ஷாப்டின் மேடுகளிலும் டேப்பெட்டின் அடிமுகத்திலும் மாலிப்டினம் பேஸ்டையும், கழுத்துகளில் எஞ்சின் ஆயிலையும் தாராளமாகத் தடவி, உருவிய நிதானத்தோடேயே உள்ளே செலுத்துங்கள். நிறுத்துத் தகட்டைப் பூட்டியபின் முன்பின் அசைவை டயல் கேஜால் பாருங்கள்: 0.003 முதல் 0.007 அங்குலம், அதாவது 0.08 முதல் 0.18 மி.மீ.க்குள் இருந்தால் சரி. பல்சக்கரங்களின் புள்ளிகளை எதிரெதிராக வைத்துச் செயினை மாட்டுங்கள்.

பெரும்பாலோர் இத்துடன் முடித்துவிடுகிறார்கள். ஆனால் புள்ளி நேராயிருப்பதனாலேயே கேமின் வேளை நேராயிருக்கும் என்பதில்லை. கிரைண்டிங்கிலும் சாவிக் காடியிலும் செயினிலும் உள்ள சிறு பிழைகள் சேர்ந்தால் நான்கைந்து பாகை பிசகிவிடும்.

முதலில் உண்மையான டாப் சென்டரைக் காண வேண்டும். உச்சியில் பிஸ்டன் சற்று நேரம் நின்றாற்போல் தோன்றுவதால் கண்ணால் காண்பது நம்பத்தகாதது. ஒன்றாம் சிலிண்டரின் குறுக்கே ஒரு பட்டையைப் பூட்டி, பிஸ்டன் உச்சியை அடையுமுன் அதில் முட்டி நிற்கும்படி நடுவில் ஒரு போல்ட்டை இறக்குங்கள். கிராங்கில் வட்டத் தட்டை மாட்டி, பிளாக்கில் கம்பி முள்ளொன்றைப் பொருத்தி, ஒரு திசையில் முட்டும் வரை சுற்றினால் 32 பாகையும், எதிர்த்திசையில் முட்டும் வரை சுற்றினால் 36 பாகையும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 34 காட்டும்படி முள்ளை நகர்த்திவிட்டால் பூஜ்யம் உண்மையான டாப் சென்டர் ஆகிறது. முட்டுப் பட்டையை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, டயல் கேஜின் முனைக்கு நீட்டுத் தண்டு சேர்த்து, முன்னிருந்து இரண்டாவதான டேப்பெட்டின் விளிம்பின்மேல், அதன் ஓட்டத்துக்கு இணையாக நிற்குமாறு வையுங்கள். இந்த எஞ்சினில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். ஆகவே இரண்டாவதே ஒன்றாம் சிலிண்டரின் இன்லெட். கிராங்கை ஓடும் திசையிலேயே சுற்றி, தூக்கும் உயரத்தின் உச்சிக்கு 1.25 மி.மீ. குறைவான இடத்தில் ஏறும்போது ஒரு பாகையும் இறங்கும்போது ஒரு பாகையும் குறித்துக்கொள்ளுங்கள். இலக்கைத் தாண்டிவிட்டால் வெகுதூரம் பின்னே சுற்றி மீண்டும் முன்னே வர வேண்டும். இல்லையேல் செயினின் தொய்வு பொய்க் கணக்குத் தரும்.

எம்.ஜி.ஏ. கேமில் 252-இல் பாதியான 126-இலிருந்து 16-ஐக் கழித்தால் கிடைக்கும் 110 பாகையில் இன்லெட்டின் உச்சி அமைய வேண்டும். நாம் அளந்தவை 78-உம் 150-உம் என்றால் நடுவில் 114. ஆகவே கேம் நான்கு பாகை தாமதமாக நிற்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒன்றே சுற்றுவதால், கிராங்கின் நான்கு பாகையைத் திருத்தக் கேமில் இரண்டு பாகை நகர்த்தினால் போதும். அதற்கென்று பக்கம் சாய்த்து வெட்டிய சாவிகள் உண்டு. அவற்றை எந்தப் புறம் திருப்பிப் போடுவது என்பதில் நிபுணர்களும் தடுமாறுவதுண்டு. ஆகையால் போட்டபின் மறுபடி அளந்து பாருங்கள். கேம் சிறிது முந்தி நின்றால் கீழ் வேகத்தில் இழுவை கூடும். பிந்தி நின்றால் மேல் வேகத்துக்கு நன்மை. நம் ஊர்ச் சாலை வண்டிக்கு, தவறு நேரத்தான் வேண்டுமென்றால் ஓரிரு பாகை முந்துவதே மேல்.

வால்வு இடைவெளி

ஹெட்டை ஏற்றி, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கட்டம் கட்டமாக, கைநூலில் கண்ட டார்க் அளவுக்கு இறுக்கியபின் டேப்பெட் இடைவெளி வைக்க வேண்டும். எட்டு வால்வுள்ள இந்த எஞ்சினுக்கு 'ஒன்பது கணக்கு' என்னும் எளிய உபாயம் உண்டு: எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும், இப்படி இரண்டின் கூட்டுத்தொகை ஒன்பதாக வருமாறு வைத்துக்கொண்டே போகலாம். கம்பெனிக் கேமுக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ.; விசேஷ கேமுக்கு அதைச் செய்தவர் சொல்லும் அளவே பிரமாணம், ஏனெனில் மேட்டின் தொடக்கச் சரிவு அந்த இடைவெளியை உத்தேசித்தே வெட்டப்பட்டிருக்கிறது.

முதல் இருபது நிமிஷம்

புதிய கேமின் ஆயுளில் மிக ஆபத்தான காலம் இதுதான். மேடும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழகிப் பரப்பு கடினப்படுவது இந்த நேரத்தில். கெட்டால் கெடுவதும் இந்த நேரத்திலேதான். கேமின்மேல் விழும் எண்ணெய் பெரும்பாலும் சுற்றும் கிராங்க் வாரியிறைப்பது. ஐடிலிங்கில் அது போதாது. எனவே எஞ்சின் உயிர் பெற்ற கணத்திலிருந்தே நிமிஷத்துக்கு 2000 முதல் 2500 சுற்றுகளில், சற்றே ஏற்றி இறக்கிக்கொண்டு, இருபது நிமிஷம் ஓட்ட வேண்டும்.

இதற்கான பூர்வாங்க ஏற்பாடுகள் குறைவற இருக்கட்டும். ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றினால் தடவிய பேஸ்ட் வழிந்துவிடும். ஆகவே முதல் முயற்சியிலேயே எஞ்சின் பிடிக்குமாறு எஞ்சின் ஓடாத நிலையிலேயே இக்னிஷன் டைமிங்கைச் சரியாக வைத்து, கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்புங்கள். ஆயில் பம்பைப் பூட்டுமுன் அதற்குள் ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். ஆயில் கேஜ் குழாய் சேரும் துளை வழியே ஆயில் கன்னால் அழுத்தி வழிகளை நிரப்புவது இன்னும் நல்லது. இரட்டை ஸ்பிரிங் போட்டவர் பழகும் நேரத்துக்கு உள் ஸ்பிரிங்கை மாட்டாமல் வைத்திருந்து, பிறகு மாட்டலாம். இன்றைய மெல்லிய ஆயில்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் நன்மைக்காகப் பாஸ்பரஸைக் குறைத்திருக்கிறார்கள். நம் பழைய மட்ட டேப்பெட்டுக்கு அந்தத் துத்தநாக-பாஸ்பரஸ் சத்துதான் கவசம். ஆகையால் அச்சத்துக் குறையாத 20டபிள்யூ-50 போன்ற கனத்த ஆயிலைத் தேர்ந்தெடுங்கள்.

நிற்கும் வண்டிக்குக் காற்று இல்லை. மதுரை வெயிலுக்கோ இரக்கம் இல்லை. ஆகவே விடியற்காலையில் ஆரம்பித்து, ரேடியேட்டரின் முன் பெரிய பெடஸ்டல் விசிறி ஒன்றை வைத்து, வெப்ப முள்ளையும் ஆயில் அழுத்தத்தையும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுக்கோ சூடோ கண்டால் மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் உடனே நிறுத்திவிடுங்கள். சரிசெய்தபின் மீதி நிமிஷங்களைத் தொடரலாம். ராக்கர் மூடியைப் பிற்பாடு திறந்து, மூடியிருக்கும் வால்வுகளின் புஷ் ராடுகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பாருங்கள். எஞ்சினை மெல்லச் சுற்றும்போது அவை தாமே சிறிது திரும்பினால் டேப்பெட் சுழல்கிறதென்று நிம்மதியடையலாம். ஆயிலையும் பில்டரையும் அப்போதே மாற்றி, வடித்த ஆயிலில் காந்தத்தை அலசுங்கள். சாம்பல் நிறக் குழம்பு சிறிது ஒட்டுவது இயல்பு. மின்னும் துகள்கள் ஒட்டினால் எஞ்சினை மேலே ஓட்டாமல் பிரித்துப் பாருங்கள்.

மற்ற உறுப்புகளை இணக்குதல்

கலவையின் அளவு மாறியிருப்பதால் கார்புரேட்டரின் ஜெட்டோ ஊசியோ மாற வேண்டியிருக்கும். நீண்ட ஓட்டத்துக்குப்பின் ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் அதிகம். வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் இடைவேளை கூடியதால் இன்லெட் குழாயின் வாக்குவம் குறையும்; அதை நம்பி வேலை செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸும் மாறும். ஐடிலிங்கைச் சற்றே உயர்த்தி வையுங்கள். தாமதமாக மூடும் இன்லெட் வால்வினால் இழந்த அழுத்தத்தை மீட்க ஹெட்டைச் சிறிது சீவுவதுண்டு. ஆனால் நம் சமவெளியின் வெப்பத்தில் நாக்கிங் எளிதில் வரும் என்பதால், ஒரேயடியாகச் சீவாமல் பல முறையாகச் செய்வது விவேகம். இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் இளக்கக்கூடியது. எஞ்சின் திறந்த கையோடு அவற்றையும் மாற்றிவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்குக் கப்பலூரிலிருந்து திருமங்கலம், கள்ளிக்குடி வழியாக விருதுநகர் நோக்கிப் போகும் நாற்கரச் சாலை ஏற்றது. மட்டமான நேர்ப் பாதையில், விதித்த வேகத்துக்குள்ளேயே, மூன்றாம் கியரில் மணிக்கு 30 கிலோ மீட்டரிலிருந்து 60 வரை ஏற எத்தனை வினாடி ஆகிறதென்று, கேம் மாற்றுமுன் ஒரு முறையும் மாற்றியபின் ஒரு முறையும் துணைக்கு வந்தவர் குறித்துக்கொண்டால், வேலையின் பலன் ஐயமற விளங்கும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக மனம் எண்ணிக்கொள்ளும். வினாடிக் கணக்கு அப்படி ஏமாறாது.

குறிப்பேடு

கேமின் எண், இன்லெட் உச்சியின் பாகை, போட்ட சாவியின் அளவு, மூன்று இடைவெளிகள், ஸ்பிரிங்கின் அழுத்தம், டேப்பெட் இடைவெளி, ஜெட்டின் எண், இக்னிஷன் பாகை ஆகிய எல்லாவற்றையும் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை வண்டிப் புத்தகத்தோடும் மற்றொன்றை பானெட்டின் உட்புறத்திலும் வைத்துவிடுங்கள். 2014-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடரின் உற்பத்தி நின்றுபோயிற்று; இனி ஒவ்வொரு எஞ்சினும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறித்தான் பிழைக்க வேண்டும். அடுத்து அதைத் திறக்கப்போகும் மெக்கானிக் நம் ஊரினராகவும் இருக்கலாம், நாம் அறியாதவராகவும் இருக்கலாம். அவருக்குக் கம்பெனிக் கைநூலின் எண்கள் இனிப் பயன்படா. நீங்கள் அளந்து எழுதிய எண்களே அந்த எஞ்சினுக்குக் கைநூல். ஆகவே அளக்காத எந்த எண்ணையும் அந்தத் தாளில் எழுதாதீர்கள்.